கடற்கரை வீட்டுக்கு இரும்பு மேசையும் பித்தளை விளக்கும் செய்யக் கொடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்

திருவான்மியூரில் கடலுக்கு மிக அருகில், மூன்றாம் மாடியில் உங்கள் வீடு. ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை, அதற்கு ஒரு பெஞ்ச், மேசைக்கு மேலே தொங்கும் பித்தளை விளக்கு, பால்கனியில் போட இன்னொரு பெஞ்ச் ஆகிய நான்கையும் கடையில் வாங்காமல் உங்கள் அளவுக்குச் செய்யக் கொடுக்க விரும்புகிறீர்கள். முன்பு வாங்கிய இரும்பு அலமாரி இரண்டே ஆண்டுகளில் காலடியில் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் தயங்குகிறீர்கள். ஒரு பட்டறையில் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு, போட்டால் கவலையே இல்லை என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, டியூபில் செய்து பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். தச்சர் இரும்பே வேண்டாம் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரிதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது: வேலை தெரியாத ஒருவர், செய்து தருவது சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இயந்திரப் பொறியியல் படித்து, பல ஆண்டுகளாக உலோக வேலையும் மரச்சாமான் வடிவமைப்பும் செய்து வருபவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மூவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மூவரும் உலோகத்தின் பெயரைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். கடலோரத்தில் ஒரு சாமான் எத்தனை காலம் நிற்கும் என்பதை உலோகத்தின் பெயரைவிட, தண்ணீர் எங்கே தங்குகிறது, இணைப்பு முழுவதும் மூடியிருக்கிறதா, வெல்டிங் முடிந்த பிறகு பூச்சு ஏறும் வரை அந்த உலோகத்தை என்ன செய்தார்கள் என்ற மூன்றும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கடற்காற்றில் வரும் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மக்னீசியம் குளோரைடும் உண்டு. முன்னது காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தொட்டால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். அதனால் மழையே பெய்யாத மே மாதத்திலும் உப்புப் படிந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஆய்வு நிலையம் அமைத்து உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவதற்கு, நம் கரையோரக் காற்று அவ்வளவு கடுமையானதாக இருப்பதே காரணம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் என்ற காப்புப் பூச்சையும் பயன்படுத்தியதோடு, இணைப்புகளையும் முழுவதுமாகப் பற்றவைத்திருக்கிறார்கள். இடுக்கு இல்லாத இடத்தில் உப்புநீர் ஒளிந்துகொள்ள முடியாது. பாலத்துக்குப் பொருந்தும் அந்த விதி உங்கள் பெஞ்சுக்கும் பொருந்தும்.

முதலில் வீட்டுக்குள் இருக்கும் சாமானையும் பால்கனியில் இருக்கப்போவதையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்கும் உள்ளே போடும் பெஞ்சுக்கும் சாதாரண எம்.எஸ்., அதாவது மிதமான எஃகு, தாராளமாகப் போதும், அதற்கு எஸ்.எஸ். போடுவது வீண்செலவு என்றே நினைக்கிறேன். ஆனால் டியூபின் கனத்தைக் கவனியுங்கள். சந்தையில் கேஜ் கணக்கில் பேசுவார்கள்: 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., 14 கேஜ் என்றால் 2 மி.மீ. இந்த மேசையின் கால்களுக்கு 50க்கு 50 மி.மீ. சதுர டியூபில் 2 மி.மீ. கனம் கேளுங்கள். சொன்ன கனம்தான் வந்திருக்கிறதா என்று பார்க்க வெர்னியர் என்ற நுண் அளவுகோல் தேவையில்லை, தராசு போதும். 6 மீட்டர் நீளமுள்ள ஒரு முழு டியூப் 2 மி.மீ. கனத்தில் ஏறத்தாழ 17 முதல் 18 கிலோ இருக்கும், 1.6 மி.மீ. என்றால் 14 கிலோவைச் சுற்றியே நிற்கும். ரசீதில் எடை எழுதியிருப்பார்கள் என்பதால் அதை வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேசை என்றதும் பலகையின் பாரத்தைத் தாங்குமா என்று எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை பெரும்பாலும் தேவையற்றது. 1800க்கு 900 மி.மீ. அளவில் 30 மி.மீ. தேக்குப் பலகை சுமார் 32 கிலோ இருக்கும். அதே அளவில் 18 மி.மீ. கிரானைட் ஏறத்தாழ 79 கிலோ. நான்கு எஃகுக் கால்களுக்கு இரண்டுமே ஒரு பொருட்டல்ல. மேசையைக் கெடுப்பது பக்கவாட்டு ஆட்டம்தான். யாராவது எழுந்திருக்கும்போது விளிம்பில் கையை ஊன்றுவார்கள், பிள்ளைகள் சாய்வார்கள். அந்த விசை முழுவதும் காலும் மேல்சட்டமும் சேரும் மூலையில் வந்து விழும். ஆகவே கால்களைத் தனித்தனித் தகடுகளில் பற்றவைத்துப் பலகையில் திருகு போட்டு முடுக்கும் முறை, கண்ணுக்கு மெல்லியதாக அழகாகத் தெரிந்தாலும், ஆறு பேர் மேசைக்கு ஏற்றதல்ல. பலகைக்குக் கீழே 50க்கு 25 மி.மீ. டியூபில் முழுச் சட்டம் ஒன்று ஓடட்டும், 25 மி.மீ. பக்கத்தைக் கிடையாகவும் 50 மி.மீ. பக்கத்தை நிலைக்குத்தாகவும் வையுங்கள். 50 மி.மீ. பக்கத்தைக் கிடையாக வைத்தால் அதே டியூப் வளைவை எதிர்ப்பது பாதிக்கும் கீழே போய்விடும். பலகையின் மேல்மட்டம் தரையிலிருந்து 750 மி.மீ. என்றால், 30 மி.மீ. பலகையும் 50 மி.மீ. சட்டமும் போக 670 மி.மீ. மிஞ்சுகிறது. முழங்காலுக்கு அது போதும். பெஞ்சின் இருக்கை உயரத்தை 450 மி.மீ. அளவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 600 மி.மீ. அகலம் என்று கணக்கிட்டால் 1800 மி.மீ. நீளத்தில் பக்கத்துக்கு மூவர் அமரலாம். ஆனால் கால்கள் மூலைக்கு மூலை நிற்பதாக இருந்தால், ஓரத்தில் அமர்பவரின் முழங்கால் மேசைக் காலில் இடிக்கும். 1800க்குப் பதில் 1900 ஆக்கிக்கொள்ள இடம் இருந்தால் யோசிக்காமல் ஆக்கிக்கொள்ளுங்கள்.

தேக்குப் பலகை என்று முடிவு செய்தால் உங்கள் தச்சரும் வெல்டரும் ஒருமுறையாவது நேரில் பேசிக்கொள்ள வேண்டும். மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையிலும் குளிர்சாதன அறையிலும் சுருங்கும். 900 மி.மீ. அகலமான தேக்குப் பலகையில் இந்த அசைவு மூன்று முதல் ஆறு மி.மீ. வரை இருக்கலாம். எஃகுச் சட்டம் அப்படி அசையாது. வட்டத் துளையில் திருகு போட்டு இறுக்கினால், மரம் ஏதாவது ஒரு பருவத்தில் பிளந்தே தீரும். சட்டத்தின் குறுக்குக் கட்டைகளில் துளைகளை அகலவாக்கில் நீட்டிய நீள்துளைகளாகப் போடச் சொல்லி, வாஷர் வைத்து முடுக்கினால் மரம் தன் போக்கில் அசைந்துகொள்ளும். நடுவில் உள்ள ஒரு திருகு மட்டும் வட்டத் துளையில் இருக்கலாம். துளையை நீட்டச் சொல்வது அற்பமாகத் தோன்றும். ஆனால் பூச்சு முடிந்த பிறகு துளையை நீட்டினால், வெட்டிய விளிம்பில் வெறும் இரும்பு தெரியும். அதனால் இது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

உங்கள் பழைய அலமாரி ஏன் காலடியில் தொடங்கித் துருப்பிடித்தது என்பதற்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் டியூபின் அடி திறந்தபடி இருந்து, அதில் பிளாஸ்டிக் மூடி செருகப்பட்டிருந்தது தெரிகிறது. நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்தத் தண்ணீர் மூடிக்கும் டியூபுக்கும் இடையே ஏறி உள்ளே தங்கிவிடுகிறது. உள்பக்கத்தில் பூச்சே கிடையாது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி தின்னப்பட்டிருக்கும். இதற்குத் தீர்வு எளிது. காலின் அடியை 3 மி.மீ. எஃகுத் தகட்டால் மூடிச் சுற்றிலும் முழுவதுமாகப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தகட்டில் நட்டு ஒன்றை வைத்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நைலான் அடிக்குமிழைத் திருகினால், இரும்பு தரையிலிருந்து எட்டு அல்லது பத்து மி.மீ. மேலே நிற்கும். எல்லாப் பக்கமும் அடைபட்ட டியூபுக்குள் இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் தீர்ந்ததும் உள்ளே துரு மேற்கொண்டு வளராது. எனவே அடியை மட்டுமல்ல, எல்லா முனைகளையும் இப்படியே மூடச் சொல்லுங்கள்.

வெல்டிங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். சூடான இடம் குளிரும்போது சுருங்கிச் சட்டத்தை இழுக்கும். ஒரு மூலையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிக்கொள்ளும். நல்ல வெல்டர் முதலில் எல்லா மூலைகளிலும் புள்ளி புள்ளியாகப் பிடித்துவைத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக முடிப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு மூலைவிட்டங்களின் நீளத்தை. டேப்பை எடுத்துக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால், 1800க்கு 900 சட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஐந்தாறு மி.மீ. வந்தால் திருத்தச் சொல்லுங்கள். பலகை போட்ட பிறகு அது மறைந்துவிடும் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். வெல்டை வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும் என்று எல்லா இடத்திலும் வற்புறுத்தவும் வேண்டாம். வெளியே தெரியும் முகத்தில் தேய்க்கலாம். உள்மூலையில் வெல்டை அப்படியே விடுவதே வலு, ஏனென்றால் தேய்க்கும்போது போவது இணைப்பின் உடம்புதான்.

இங்கேதான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது வருகிறது. பிரைமர் என்ற அடிப்பூச்சோ பவுடர் பூச்சோ ஏறுவதற்கு முன், வெறும் இரும்பாக இருக்கும்போதே பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பணம் கொடுக்கும் தவணைகளில் ஒன்றை இந்தப் பார்வையோடு இணைத்துவிடுங்கள். பூச்சு ஏறிய பிறகு ஒரு மேசையில் பார்ப்பதற்கு நிறத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. வெறும் இரும்பில், வெல்ட் நாலு பக்கமும் ஓடியிருக்கிறதா, அல்லது தெரியும் இரு பக்கம் மட்டும் ஓடியிருக்கிறதா என்பது தெரியும், ஊசித்துளைகள் தெரியும், பொருத்தம் சரியில்லாத இடத்தில் புட்டி வைத்து மூடியிருப்பது தெரியும். புட்டியில் சந்தேகம் வந்தால் சிறிய காந்தத்தை மூலையில் நகர்த்திப் பாருங்கள்: இரும்பில் கவ்வும், கனமான புட்டியின் மேல் நழுவும். விளிம்புகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். கத்தி போன்ற விளிம்பில் எந்தப் பூச்சும் மெலிந்துபோகும், துரு எப்போதும் அங்கிருந்தே தொடங்கும். விளிம்பை லேசாக உருட்டிவிடச் சொல்வது ஒரு மணி நேர வேலைதான். வெல்டிங்கில் தெறித்த மணிகளும் வெல்டின் மேல் படிந்த கசடும் முழுவதும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் மேல் ஏறும் பூச்சு அவற்றோடு சேர்ந்தே உதிரும்.

பூச்சில் உள்ளே போடும் சாமானுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது. சுமார் 60 முதல் 80 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் படியும் பொடி, 180 முதல் 200 டிகிரிச் சூட்டில் உருகி ஒரே தோலாகிவிடும். ஆனால் அந்தத் தோல் எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்பதே கேள்வி. எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பூச்சு நன்றாகப் பிடிக்கப் பாஸ்பேட் படலம் ஏற்றி, கழுவி உலர்த்தும் தொட்டிகள் உள்ள இடத்தில் பூசப்படுகிறதா, அல்லது துணியால் துடைத்துவிட்டு நேரே பொடி தூவுகிறார்களா என்று கேளுங்கள். கடலருகே என்பதால், பொடிக்குக் கீழே துத்தநாகம் கலந்த எப்பாக்சி பிரைமர் ஒன்றையும் கேட்டுப் பெறலாம். பொடியில் எப்பாக்சி, பாலியெஸ்டர் என வகைகள் உண்டு. எப்பாக்சி ஒட்டுவதிலும் ரசாயனம் தாங்குவதிலும் சிறந்தது, வெயில் பட்டால் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். ஜன்னலோரத்து மேசைக்குப் பாலியெஸ்டர் எடுங்கள். வெட்டி எஞ்சிய டியூபில் ஒரு சாண் துண்டை உங்கள் மேசையோடு சேர்த்தே தொங்கவிட்டுப் பூசித் தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டி இழுத்துப் பார்த்தால், பூச்சு பிடித்திருக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இனி பால்கனி பெஞ்ச். எஸ்.எஸ். என்பது ஒரு பொருளல்ல, ஒரு குடும்பம். கடையில் அதிகம் புழங்குவது 202; நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்யும் மலிவு வகை. 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. குளோரைடைத் தாங்க வைப்பது அதுதான். கடலுக்கு இவ்வளவு அருகில் 202 கூடவே கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன். 304இல் செய்தால் பெஞ்ச் உடைந்துபோகாது, ஆனால் சில மாதங்களிலேயே பழுப்புக் கறை படியும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 316இலும் கறை வரலாம். மிகக் குறைவாக வரும். மழை நேரடியாகக் கழுவும் மேற்பரப்பைவிட, மழை படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு சேர்ந்து கறை முதலில் தோன்றும் என்பதால், கழுவும்போது பெஞ்சைக் கவிழ்த்துக் கழுவுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்.எஸ். என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம்: 202, 304, 316 மூன்றுமே காந்தத்துக்கு அநேகமாக ஒட்டாதவை, வளைத்த இடத்தில் நல்ல 304கூட லேசாக இழுக்கும். உலோகத்தின் கலவையைக் காட்டும் மில் டெஸ்ட் சான்றிதழைக் கேளுங்கள். பெரிய வேலை என்றால் சோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே கருவியால் சில நிமிடங்களில் கலவையைக் காட்டிவிடுவார்கள்.

சரியான 316ஐ வாங்கியும் துருப்பிடித்தது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதை எந்தக் கிரைண்டிங் சக்கரத்தால் தேய்த்தார்கள் என்பது. காலையில் இரும்புக் கேட்டைத் தேய்த்த அதே சக்கரத்தால் மாலையில் எஸ்.எஸ்.ஸைத் தேய்த்தால், இரும்புத் துகள்கள் அதன் பரப்பில் பதிந்துவிடும்; பின்னர் தெரியும் செம்புள்ளிகள் அந்தத் துகள்களின் துருவே. பக்கத்தில் யாராவது இரும்பு அறுக்கும்போது பறந்து வந்து விழும் பொறியும் இதைச் செய்யும். எஸ்.எஸ்.ஸுக்கென்று தனிச் சக்கரம், தனிக் கம்பித் தூரிகை, முடிந்தால் பட்டறையில் தனி மூலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் செய்ய வேண்டும். 316க்கு 316எல் நிரப்புக் கம்பியே போட வேண்டும். வெல்டைச் சுற்றி நீலமும் பொன்னுமாகத் தெரியும் நிறம் அழகுக்காக விடப்படுவதல்ல. அங்கே உலோகத்தின் காப்புப் படலம் கெட்டிருக்கிறது. பிக்கிளிங் பசை என்ற அமிலப் பசையைப் பூசி, நன்றாகக் கழுவி, அந்த நிறத்தை எடுத்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு டைல்ஸ் கழுவும் ஆசிட் அதன் மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்த வகை எஸ்.எஸ்.ஸும் அதைத் தாங்காது.

ஜி.ஐ. டியூபில் செய்யலாம் என்றவர் சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஜி.ஐ. டியூப் துத்தநாகம் பூசிய தகட்டைச் சுருட்டிச் செய்தது. ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் பூச்சு என்றால், ஒரு பக்கத்துக்கு எட்டு மைக்ரான் சொச்சமே வரும். அதையும் வெல்டிங் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் எரித்துவிடுகிறோம். அந்த வெண்புகையை மூச்சில் இழுக்கும் வெல்டருக்குக் காய்ச்சலே வரும். இதற்கு மாறாக, எம்.எஸ்.ஸில் பெஞ்சை முழுவதும் செய்து முடித்துவிட்டு, சுமார் 450 டிகிரியில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுப்பதுதான் ஹாட் டிப் கால்வனைசிங். 2 மி.மீ. தகட்டில் 55 மைக்ரான் அளவுக்கு, வெல்டின் மேலும் டியூபின் உள்ளேயும் சேர்த்து, பூச்சு ஏறும். அதன் மேல் பெயின்டும் அடித்தால், தனித்தனியாக அவை நிற்கும் காலங்களைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக நிற்கும். முன்பு எல்லா முனைகளையும் மூடச் சொன்னேன். இதற்கு மட்டும் அந்த விதி மாறுகிறது. அடைபட்ட டியூபைத் தொட்டியில் இறக்கினால் உள்ளே உள்ள காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். ஆகவே காற்றுப் போகவும் துத்தநாகம் வடியவும் துளைகள் கட்டாயம். அவற்றை மழைநீர் வடிந்துபோகும்படி அடிப்பக்கத்தில் அமைக்கச் சொல்லுங்கள். என் தேர்வைக் கேட்டால், பால்கனி பெஞ்சுக்கு 316ஐவிட இந்த முறையையே எடுப்பேன். பளபளப்பு இருக்காது, பராமரிப்புக் குறைவு, செலவும் பெரும்பாலும் குறைவு. ஒற்றைப் பெஞ்சுக்காகத் தொட்டி வைத்திருப்பவர்கள் தனியாக வேலை எடுப்பார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். வேறொருவரின் சரக்கோடு சேர்த்து அனுப்ப உங்கள் பட்டறைக்காரர் ஏற்பாடு செய்தால் நல்லது.

விளக்குக்கு வருகிறேன். பித்தளைத் தொங்குவிளக்கை இரண்டு வழியில் செய்யலாம். ஒன்று, பித்தளைத் தகட்டை லேத்தில் அச்சின் மேல் அழுத்திச் சுழற்றிக் கிண்ணமாக்கும் ஸ்பின்னிங். மற்றொன்று வார்ப்பு. கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கை அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அலங்காரமான பிரபை எனத் தனித்தனியாக வார்த்து, லேத்தில் கடைந்து, மரையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிச் சேர்க்கிறார்கள். அந்தக் கடைசல் வேலையின் நேர்த்தி தொங்குவிளக்குக்கும் அப்படியே பயன்படும். தண்டையும் மேல்மூடியையும் வார்ப்பிலும், நிழற்கிண்ணத்தை ஸ்பின்னிங்கிலும் செய்வது எடையைக் குறைக்கும், அழகும் கெடாது. ஸ்பின்னிங் செய்த கிண்ணத்தை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது தாமாகவே விரிசல் விட்டன. அழுத்தி உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் லாயத்தின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்ததே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவானது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களை இந்த விளக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லாக்கர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சு வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடற்காற்றில் லாக்கர் ஓரிடத்தில் உரிந்தால் அந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டாகிவிடும் என்பதால், பூசாமல் விட்டு, சமமாக மங்கவிட்டு, வேண்டும்போது தேய்த்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

கிண்ணத்தின் ஆழத்தை அழகை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல்பு கண்ணில் குத்துமா என்பது அதில்தான் இருக்கிறது. மேசைக்கு மேலே 750 மி.மீ. உயரத்தில் கிண்ணத்தின் விளிம்பு என்றால், தரையிலிருந்து 1500 மி.மீ. அமர்ந்திருப்பவரின் கண் சுமார் 1200 மி.மீ. உயரத்தில், விளக்கின் நடுவிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். கிண்ணம் 300 மி.மீ. விட்டமுடையது என்றால், கண்ணிலிருந்து கிட்டத்து விளிம்புக்குக் கிடைத்தூரம் 450, உயரம் 300. அதே கோடு நடுவுக்குப் போகும்போது மேலும் 100 மி.மீ. ஏறியிருக்கும். பல்பின் அடி விளிம்பிலிருந்து 100 மி.மீ.க்கு மேலே இருந்தால் கண்ணில் படாது. சாப்பிடக் குனிபவரையும் சேர்த்து 130 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். தகட்டை வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு கிண்ணம் செய்து நூலில் தொங்கவிட்டு, வீட்டார் எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்ந்து பாருங்கள்.

உள்ளே எல்.இ.டி. பட்டைகளை நிரந்தரமாக ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். நான் சாதாரண இ27 திருகு ஹோல்டரையே கேட்பேன். எல்.இ.டி.யில் பெரும்பாலும் முதலில் போவது அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற மின்சுற்றுதான். மூடிய பித்தளைக் கிண்ணத்தின் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் போகும். பல்பு என்றால் கழற்றி மாற்றிவிடலாம். திருகு ஹோல்டரில் மரையுள்ள பகுதி நியூட்ரலிலும் அடிப்புள்ளி பேஸிலும் இணைக்கப்பட வேண்டும். மாறிப்போனால், பல்பை மாற்றும் கைக்கு மின்சாரம் நேரே கிடைக்கும். உலோக விளக்கு என்பதால் எர்த் ஒயர் கட்டாயம். பழைய வீடுகளில் கூரைப் புள்ளிக்கு இரண்டு ஒயர் மட்டுமே வந்திருக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்துக் கொண்டுவர வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது அதற்கு மாற்றாகாது, கூடுதல் பாதுகாப்பு மட்டுமே. ஒயர் நுழையும் துளையில் ரப்பர் புஷ் போட வேண்டும். விளக்கின் எடை ஒயரில் தொங்காமல் சங்கிலியிலோ தண்டிலோ தொங்க வேண்டும். கொக்கி ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல, கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போட்டு இறங்க வேண்டும். உங்கள் தளத்தின் நிலையை நேரில் பார்க்காமல் எவ்வளவு எடை தாங்கும் என்று நான் சொல்ல முடியாது. பழைய கட்டடத்தில் கம்பி துருப்பிடித்துக் கூரை உப்பியிருந்தால், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் அங்கே எதையும் தொங்கவிடாதீர்கள்.

எத்தனை ஆண்டு வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண் சொல்வது நேர்மையாக இருக்காது. ஒரே கட்டடத்தில் கடல் பார்த்த பால்கனிக்கும் தெருப் பார்த்த பால்கனிக்கும் படியும் உப்பில் பெரிய வேறுபாடு உண்டு. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பவர் வீட்டுப் பெஞ்சும் அப்படியே விடுபவர் வீட்டுப் பெஞ்சும் ஒரே காலம் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் வாய்ச்சொல் உத்தரவாதம் தரும் பட்டறையைவிட, எந்தப் பிரைமர், எத்தனை மைக்ரான், எந்த வகை எஃகு என்று எழுதித் தரும் பட்டறையை நம்பலாம்.

வேலை கொடுக்கும்போது கிலோ கணக்கில் மட்டும் விலை பேசாதீர்கள். அந்தக் கணக்கில் தேய்ப்பதற்கும் முனை மூடுவதற்கும் விளிம்பு உருட்டுவதற்கும் கூலியே வராது, வராத கூலிக்கு யாரும் வேலை செய்ய மாட்டார்கள். அளவு, டியூபின் கனம், வெல்ட் ஓட வேண்டிய இடம், நீள்துளைகள், பூச்சின் அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து இருவரும் கையெழுத்திட்டு, சாமானுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். முன்பணம் ஒரு பங்கு, வெறும் இரும்பைப் பார்த்த பிறகு ஒரு பங்கு, வீட்டில் வைத்து ஆட்டிப் பார்த்த பிறகு மீதி. நான்கையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், உள்ளே போடும் பெஞ்சை முதலில் செய்யக் கொடுங்கள். சிறிய வேலை என்பதால் இழப்பதற்கு அதிகமில்லை. மேசைக்குத் தேவையான எல்லா இணைப்பும் எல்லாப் பூச்சும் அதிலேயே வந்துவிடும். பழைய அலமாரியைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து மீட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காலின் அடிப்பகுதியைத் துரு இல்லாத இடம் வரை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய டியூபைப் பற்றவைத்து, அடியைத் தகட்டால் மூடினால் மீட்கலாம். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரைக்கும்கூட அது நிற்காது.